இடுக்கிக்குச் சிவப்பு, தேனிக்கு மஞ்சள்

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்சுவர் இருந்தது. அதன் மேல் ஏறி நின்றால்தான் அந்தத் தோட்டத்தில் போனுக்கு உயிர் வரும். பகல் பன்னிரண்டே காலுக்குப் பொன்னுமணி அங்கே நின்றுகொண்டிருந்தாள். காய் பறித்த விரல்களில் பிசுக்கு ஒட்டியிருந்ததால் சட்டைக் கையால் திரையைத் துடைத்தாள். சேலைக்கு மேல் அவள் போட்டிருந்தது செத்துப்போன புருஷனின் முழுக்கைச் சட்டை. படம் மேலிருந்து கீழாக, பாய் விரிவதுபோல் மெல்ல இறங்கியது. முதலில் வங்காள விரிகுடா வந்தது. பிறகு மதுரை. கடைசியில் மலை வந்தபோது அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

மேலே வானம் சுத்தமான நீலத்தில் இருந்தது. நிழல் மரங்களின் உச்சியில் வெயில் வெள்ளையாக நின்றது. ஏலச்செடியின் நீண்ட இலைகளில் ஒன்றுகூட அசையவில்லை. ஐப்பசியில் அந்த மலையில் காற்று இல்லாத மத்தியானம் என்று ஒன்று கிடையாது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவள் எட்டாவதோடு நின்றவள். போடிக்குப் பக்கத்திலிருந்து பதின்மூன்று பெண்களைக் காலை ஐந்தரைக்கு ஜீப்பில் ஏற்றி, மெட்டுக் கணவாயில் ஏறி எல்லை தாண்டி, கேரளத்துத் தோட்டத்தில் இறக்கி, சாயங்காலம் திரும்பக் கூட்டிப்போகிற கங்காணி. ஏழு வருடமாக இந்த வேலை. மூன்று வருடமாகப் போனில் வானிலைப் படம் பார்க்கிறாள். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தினமும் பார்த்ததையும் தினமும் நடந்ததையும் மனதுக்குள் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள், அவ்வளவுதான். காலையில் இரண்டு மழை எச்சரிக்கை வரைபடம் வரும். சிவப்பு என்றால் பேய்மழை, மஞ்சள் என்றால் கொஞ்சம் கவனம். தமிழ்நாட்டு வரைபடத்தில் தேனி மாவட்டத்துக்கு ஒரு நிறம் இருக்கும், எல்லைக்கு மேற்கே வெறும் வெள்ளை. கேரளத்து வரைபடத்தில் இடுக்கிக்கு ஒரு நிறம் இருக்கும், எல்லைக்குக் கிழக்கே வெள்ளை. பொழுது விடிந்தால் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குப் போய்ப் பொழுது சாய்ந்தால் திரும்பிவருகிற ஆட்களுக்கென்று யாரும் படம் போடுவதில்லை. அவள்தான் இரண்டையும் மனதில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போது திரையில் இருந்தது காற்றின் படம். மெல்லிய கோடுகள், சீவிவிட்ட தலைமுடிபோல் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். கிழக்கே கடலில் அந்தக் கோடுகள் ஒரு தாழ்வுநிலையைச் சுற்றி, கட்டைவிரல் ரேகைபோல் வளையம் வளையமாக நின்றன. அங்கிருந்து பிரிந்த கோடுகள் மதுரையைத் தாண்டி மலைக்கு வந்தன. மேற்கிலிருந்து வேறு கோடுகள் வந்தன. இரண்டும் மலையின் முதுகில் முட்டி, எண்ணெய் காணாத தலையில் சிக்கு விழுந்ததுபோல் ஒரே இடத்தில் சுருண்டிருந்தன. வெளிநாட்டில் குளிர்ந்த காற்றும் வெதுவெதுப்பான காற்றும் மோதுகிற முகப்பை நீலப் பல் வைத்த கோடாக வரைவார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறாள். நம் பக்கத்துக்கு அந்தக் கோடு வராது என்று அந்த ஆள் சொல்லியிருந்தான். நமக்கு மலையே பல்தான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

காலையில் ஜீப்பில் இதை அவர்களுக்குச் சொல்லியும் இருந்தாள்.

"ரெண்டு பஸ்சு மெட்டு வளைவுல எதிரெதிரா வந்து நின்னா என்ன பண்ணும்? எவனும் பின்னால போகமாட்டான். காத்தும் அப்படித்தேன். ரெண்டும் முட்டிக்கிட்டு மேல ஏறும். மேல ஏறுனா குளுந்து கொட்டிரும்."

"மதினி, அந்தப் போன்ல எம் மாமியா எப்பச் சாவான்னு போட்டிருக்கா பாரு" என்றாள் தேவி. ஜீப்பே சிரித்தது. சிரிக்காதவள் அய்யம்மாள் ஒருத்திதான்.

அய்யம்மாள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. ஆடியில் ஒருநாள் இடுக்கிக்குச் சிவப்பு என்று பொன்னுமணி ஜீப்பை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு மலையில் சுள்ளென்று வெயில் அடித்தது. தோட்டத்தில் தேவாரம் என்ற ஊரிலிருந்து வேறு கூட்டத்தைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பத்து நாள் இவர்களுக்கு வேலை இல்லை. பதினோராம் நாள் காலை ஜீப் நிற்கிற இடத்தில், எல்லோரும் பார்க்க, அய்யம்மாள் சோற்றுத் தூக்குவாளியைச் சுழற்றி அவள் நெற்றியில் அடித்தாள். மூன்று தையல். பொன்னுமணி திருப்பி அடிக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, மறுநாள் அய்யம்மாளின் பெயரை நீக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் குரல் தானாகத் தணிந்துவிடும். இன்று காலையும் கேரளத்துப் படம் சிவப்பாகவே இருந்தது. சாயங்காலத்துக்கு மேல்தான் மழை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறியிருந்தாள். இப்போது பன்னிரண்டே காலுக்கே சிக்கு விழுந்துவிட்டது.

சுவரிலிருந்து குதித்து இறங்கினாள்.

சூப்பர்வைசர் யோசேப்பு எடைத்தராசுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பத்தில் பிறந்து முப்பது வருடமாகத் தோட்டத்திலேயே கிடப்பவர். பேச்சில் இரண்டு மொழியும் கலந்துவரும். "எந்தா பொன்னுமணி? மழையா? மேல பாரு. ஒண்ணும் இல்லா. நாலு மணிக்கு எடை. எடை போடாம எறங்குனா இன்னைக்கு ஆளே வரலைன்னுதான் எழுதுவேன். நாளைக்கும் வரண்டா."

"மத்தியானத்துக்கு மேல தங்காது, அண்ணாச்சி. அது வந்துட்டா அப்புறம் எறங்க முடியாது."

"ஆடியிலயும் இதுதானே பறஞ்சே?"

அவள் செடிகளுக்குள் நடந்தாள். பெண்கள் செடியடியில் குத்துக்காலிட்டு, மண்ணோடு படர்ந்த சரத்தில் முற்றிய காயை மட்டும் தடவிப் பறித்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் கட்டிய சாக்குகள் பாதி நிரம்பியிருந்தன. "எந்திரிங்க. கெளம்பணும்" என்றாள். சிலர் எழுந்தார்கள். சிலர் அய்யம்மாளைப் பார்த்தார்கள்.

"வந்துட்டா மேப்புக்காரி" என்றாள் அய்யம்மாள், தலை நிமிராமல். "நீ போடி. நாங்க எடை போட்டுட்டு வர்றோம். ஏ சோலை, உக்காருடி."

சோலையம்மாள் அய்யம்மாளின் நாத்தனார். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். மலைவளைவுகளில் குமட்டும் என்று தினமும் ஜீப்பின் கடைசியில் உட்கார்ந்து வருகிறவள், யாருக்கும் மறுத்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பொன்னுமணிக்குள் ஆடியிலிருந்து எதுவோ இறுகிக்கொண்டே வந்திருந்தது. அது தன் கையில்தான் இருக்கிறது என்று அவளுக்கே அதுவரை தெரியாது. குனிந்து, அய்யம்மாளின் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த வேகத்தில் அய்யம்மாள் செடிமேல் சரிந்தாள். அவள் எழுவதற்குள் அவளுடைய இடுப்புச் சாக்கை அவிழ்த்து, தலைகீழாகப் பிடித்து உதறினாள். பச்சைக் காய்கள் ஈரமண்ணில் உருண்டு சிதறின. ஏலக்காட்டில் காயைத் தரையில் கொட்டுவதை அவர்கள் ஒருவரும் பார்த்ததில்லை.

"எந்திரி" என்றாள் பொன்னுமணி. "இல்லைன்னா இழுத்துட்டுப் போவேன்."

ஒன்றரைக்கு ஜீப் கிளம்பியது. ஓட்டுகிறவன் திருப்பதி, முப்பது வயது, பொன்னுமணியை அக்கா என்பான். அவள் முன்னால் அவனுக்குப் பக்கத்தில், அறைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இன்னும் எரிந்தது. பின்னால் பதின்மூன்று பேரின் மூச்சு. எப்போதும் யாராவது ஒருத்தி கதை சொல்வாள், பழைய சோற்றைப் பங்கு போடுவாள். இன்று எஞ்சின் சத்தம் மட்டுமே. மெட்டைத் தாண்டினால் போதும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வழியில் போய்வருகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. தோட்டத்துப் பக்கம் வாரக்கணக்கில் ஊற்றும். மெட்டைத் தாண்டி முதல் வளைவு இறங்கியதும் சாலை காய்ந்து கிடக்கும், கீழே போடி வெயிலில் வெளுத்துத் தெரியும். மழைக்குப் போர்த்திய கொங்காணியைக் கழற்றி உதறி மடித்துவைக்கிற இடமே அதுதான். அவளுடைய கணக்கும் அதன் மேல் எழுந்ததுதான். இடுக்கிக்குச் சிவப்பு, தேனிக்கு மஞ்சள். சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போய்விட வேண்டும்.

மெட்டில் சோதனைச்சாவடி தாண்டியதும் பின்னால் யாரோ, "தாண்டியாச்சு" என்றாள். இரண்டொருவர் பெருமூச்சு விட்டார்கள்.

பொன்னுமணி பின்கண்ணாடியில் பார்த்தாள். தோட்டத்துப் பக்கம் வானம் நீலமாகவே இருந்தது. முன்னால் பார்த்தாள். போடி இல்லை. ஊரும் தெரியவில்லை, சமவெளியும் தெரியவில்லை. மலையின் கிழக்குச் சரிவோடு ஒட்டி, கீழிருந்து மேலாக, அடுப்புக் கரியின் நிறத்தில் மேகம் எழுந்து நின்றது. அதன் உள்ளே வெளிச்சம் ஓசையில்லாமல் துடித்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த காற்று ஜீப்பின் படுதாவை முன்னுக்குத் தள்ளியது. முன்னாலிருந்து வந்த காற்று அதைத் திருப்பி அடித்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தோட்டத்துப் பக்கம் நனையும், ஊர்ப்பக்கம் காயும். இது ஐப்பசி. காற்று கடலிலிருந்து வருகிறது. ஏறி மோதுவது இந்தச் சரிவில்தான். மஞ்சள் என்று போட்டிருந்தது தேனி மாவட்டம் முழுவதுக்கும். உத்தமபாளையத்துக்கும் பெரியகுளத்துக்கும் சேர்த்துப் பூசிய ஒரே மஞ்சள். அதற்குள் இந்த மலைச்சாலை ஒரு நகக்கீறல் அளவுகூட இல்லை. படம் பொய் சொல்லவில்லை. காற்றுக் கோடுகளில் சிக்கு எந்தப் பக்கத்தில் விழுந்திருந்தது என்பதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். பார்த்தும், கண் நிறத்துக்கே ஓடியது, கால் பழகிய வழிக்கே ஓடியது.

நிறுத்துடா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சாவடிக்குப் பக்கத்தில் நான்கு டீக்கடை இருந்தது. ஓரங்கட்டி உட்கார்ந்திருக்கலாம். அவள் வாயைத் திறக்கவும் செய்தாள். ஆனால் பின்னால் அய்யம்மாள் இருந்தாள், கன்னத்தில் ஐந்து விரலோடு. மண்ணில் உருண்ட காய்களை விட்டுவிட்டு வந்தவள். அவளிடம் நான் சொன்னது தப்பு, இறங்குங்கள், இங்கேயே இருப்போம் என்று சொல்ல வேண்டும். பொன்னுமணி வாயை மூடிக்கொண்டாள். ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு போனது. அதற்குப் பிறகு திரும்புவதற்குச் சாலையில் அகலம் இல்லை.

மூன்றாவது வளைவில் மழை விழுந்தது. துளியாகத் தொடங்கவில்லை. யாரோ மேலிருந்து அண்டாவைக் கவிழ்த்ததுபோல் மொத்தமாக விழுந்தது. வைப்பர் ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் கண்ணாடி குருடானது. திருப்பதி தலையை வெளியே நீட்டி ஓட்டினான். இடப்பக்கம் மலையின் உடம்பெல்லாம் புதிது புதிதாக வாய் திறந்து, செம்மண் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, மாரியாத்தாவைக் கூப்பிட்டார்கள்.

ஐந்தாவது வளைவைத் தாண்டியதும் பின்னால் சத்தம் கேட்டது. இடி என்றுதான் முதலில் நினைத்தாள். ஜீப் முன்புறம் தூக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, தடுப்புக் கல்லில் இடித்து நின்றது. அவள் மழைக்குள் குதித்து ஓடினாள். அவர்கள் வந்த சாலை அங்கே இல்லை. மண்ணும் வேரும் ஆளுயரப் பாறைகளும் குவிந்து கிடந்தன. அதிலிருந்து தெறித்த கல் ஒன்று படுதாவைக் கிழித்துக்கொண்டு ஜீப்பின் கடைசிக்குள் விழுந்திருந்தது. சோலையம்மாள் இரண்டு காலையும் நீட்டி, குழந்தைபோல் உட்கார்ந்திருந்தாள். தலையின் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. கல் அவள் மடியிலேயே கிடந்தது. தேவியின் முகமெல்லாம் சோலையம்மாளின் ரத்தம்.

திருப்பதியும் இரண்டு பேரும் சேர்ந்து கல்லைத் தள்ளிவிட்டு அவளைப் படுக்கவைத்தார்கள். மூச்சு இருந்தது. மூச்சோடு ஒரு கொப்புளச் சத்தமும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போடிக்குத்தான் போக வேண்டும். ஜீப் முனகிக்கொண்டு மறுபடி நகர்ந்தது. இருநூறு அடிகூடப் போகவில்லை. அடுத்த திருப்பத்தில் சின்னப் பாலத்துக்கு அடியில் ஓட வேண்டிய ஓடை, பாலத்தை மூடிக்கொண்டு மேலே ஓடியது. மார்பளவு சிவப்புத் தண்ணீர், உள்ளே கற்கள் ஒன்றோடொன்று பல் கடிக்கிற சத்தம். மறுகரையில் நின்ற லாரி ஒன்று பின்னாலேயே போய் வளைவில் மறைந்தது.

அய்யம்மாள் இறங்கி வந்தாள். பொன்னுமணியின் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சாலையில் தள்ளினாள். விழுந்தவளின் விலாவில் உதைத்தாள். குனிந்து முகத்தில் அடித்தாள், மூடிய கையால், ஆண்கள் அடிப்பதுபோல. நெற்றியின் பழைய தையல் தழும்பு பிளந்து, ரத்தம் மழையோடு கண்ணுக்குள் இறங்கியது. "எங்கடி உம் மஞ்சக் கலரு? எங்கடி? தோட்டத்துல சொட்டு மழை இல்லையேடி! அங்கயே இருந்திருந்தா எம் பிள்ளை மாதிரி இருக்கவ நல்லா இருந்திருப்பாளேடி!" ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. யாரும் விலக்கவில்லை. பொன்னுமணி கையை மடக்கித் தடுக்கவும் இல்லை. அடி விழவிழ உள்ளே ஏதோ லேசாவதுபோல் இருந்தது. அந்த லேசுக்காக வெட்கப்பட்டாள். இன்னும் இரண்டு அடி அதிகமாக விழட்டும் என்றும் நினைத்தாள். அவள் வாய் திறக்காமல் விட்ட அந்த இரண்டு வளைவைப் பற்றி அய்யம்மாளுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

கடைசியில் அய்யம்மாள் களைத்து, அவள் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

திருப்பதி வந்து இருவரையும் பிரித்து எழுப்பினான். "அக்கா" என்றான். மழையில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. "மேலயா, கீழயா? மண்ணு மேல ஏறி நடந்தா மெட்டுக்குப் போயிரலாம். ஆனா சோலக்காவைத் தூக்கிட்டு ஏற முடியாது. இங்கன நின்னா தண்ணி வடியுமான்னு தெரியல. நீ சொல்லு."

"அவகிட்டயா கேக்குற?" என்றாள் அய்யம்மாள்.

"வேற ஆருகிட்டக் கேக்குறது?"

பன்னிரண்டு முகங்கள் அவளைப் பார்த்தன. மூக்கிலிருந்து வழிந்ததைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். திரை கறுப்பாக இருந்தது. பொத்தானை அழுத்தினாள். இடுக்குகளில் தண்ணீர் கசிந்தது. அவள் அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஓடையைப் பார்த்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. ஏதாவது சொன்னால் அது இன்னொரு ஆளின் உயிராகிவிடும்.

அப்போதுதான் சத்தம் குறைந்தது. கற்கள் உருளும் சத்தம் முதலில் நின்றது. பிறகு தண்ணீரின் இரைச்சல். தண்ணீர் மார்பளவிலிருந்து இடுப்பளவாகி, முழங்காலளவாகி, பாலத்தின் கைப்பிடிக் கல் வெளியே தெரிந்தது. தார்ச்சாலை தெரிந்தது. ஒரு தாம்பூலம் போடுகிற நேரத்துக்குள் ஓடையில் தண்ணீரே இல்லை.

"வடிஞ்சிருச்சு! ஆத்தா கண்ணைத் தொறந்துட்டா!" தேவி கைகூப்பினாள். பெண்கள் ஓடிப்போய் ஜீப்பில் ஏறினார்கள். அய்யம்மாள் சோலையம்மாளின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "வெரசா எடுடா, வெரசா எடு" என்று கத்தினாள். திருப்பதி சாவியைத் திருகினான். எஞ்சின் இருமி, பிடித்தது.

பொன்னுமணி அசையவில்லை. மழை அவள் தோளில் அதே கனத்தில் விழுந்துகொண்டிருந்தது. இல்லை, முன்பைவிட அதிகமாக. மலையின் மற்ற வாய்களெல்லாம் இன்னும் கக்கிக்கொண்டுதான் இருந்தன. இந்த ஒன்று மட்டும் மூடிக்கொண்டது. மழை நிற்காதபோது ஓடை எப்படி நிற்கும்? அந்தத் தண்ணீர் எங்கே போனது? அவள் நிமிர்ந்து, ஓடை இறங்கி வரும் மலை இடுக்கைப் பார்த்தாள். மேகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலே எங்கோ மண் சரிந்து ஓடையை அடைத்திருந்தால், அது உடையும்போது மொத்தத் தண்ணீரும் ஒரேயடியாக வரும். இது எந்தப் படத்திலும் பார்த்தது அல்ல. தப்பாக இருக்கலாம். ஆடியில் தப்பு. இன்று பகலில் தப்பு. இதுவும் தப்பென்றால் சோலையம்மாளின் மூச்சு இங்கேயே, தன்னால், நின்றுபோகும்.

ஜீப் நகர்ந்தது. அவள் ஓடிப்போய்ப் பாலத்தின் முனையில், சாலைக்கு நடுவே, கையை விரித்து நின்றாள்.

"எல்லாரும் எறங்குங்க. மேல ஏறுங்க. அவளைத் தூக்குங்க, நான் சொமக்குறேன்."

"விலகுக்கா!" திருப்பதி ஹாரனை அழுத்தினான், அழுத்திய கையை எடுக்கவில்லை. முன் பம்பர் வந்து அவள் முழங்காலில் முட்டியது. அவள் பின்னால் ஓர் அடி போனாள், மறுபடி நின்றாள்.

"ஏத்துடா அவ மேல!" உள்ளேயிருந்து அய்யம்மாளின் குரல். "ஏத்துடா!"

பகலிலேயே எரிந்துகொண்டிருந்த ஜீப் விளக்கு இரண்டின் வெளிச்சமும் அவளைத் தாண்டி ஓடைக்குள் விழுந்தது. கழுவிவிட்ட கற்கள் அங்கே சிவப்பும் வெள்ளையுமாக மின்னின. கற்களுக்கு நடுவே விரலளவு மீன் ஒன்று துள்ளி விழுந்தது, மறுபடி துள்ளியது. ஹாரன் நின்றது. ஓடையின் இரைச்சல் போய்விட்டதால் மழைக்கு ஊடாகவும் எல்லாம் கேட்டது. திருப்பதியின் பற்கள் தந்தியடிப்பது, படுதாவின் கிழிந்த துணி படபடப்பது, அதற்கெல்லாம் அடியில் சோலையம்மாளின் மூச்சு, ஒவ்வொன்றாக.